ஜன்னலோர மேசைக்கு வரப்போகிறவர்களுக்கு

ஆகஸ்டில் எங்கள் ஆய்வகத்தில் சேரப்போகும் ஐந்து பேருக்கும்,

தம்பி தங்கைகளே என்று தொடங்கலாம் என்றுதான் நினைத்தேன். பட்டியலைப் பார்த்தால் ஒருவர் பொறியியல் கல்லூரியில் பன்னிரண்டு வருடம் பாடம் நடத்திவிட்டுப் பார்ட்-டைம் ஸ்காலராக வருகிறார். அவரைப் போய்த் தம்பி என்றால் நன்றாக இருக்காது. ஆகவே எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம்.

உங்களில் ஒருவருக்கு ஒதுக்கப்படும் அந்த ஜன்னலோர மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். சினாப்சிஸ் முடிந்தது, ஆய்வேட்டையும் கொடுத்தாயிற்று, வைவா மட்டும் பாக்கி. போன வாரம் மேசையைக் காலி செய்தேன். இழுப்பறையில் ஒரு ஸ்வெட்டர், ஒரு லாங் சைஸ் நோட்டு, கழுத்தில் பசை போட்டு ஒட்டிய தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, மூன்று பென் டிரைவ். பென் டிரைவ்களை எடுத்துக்கொண்டேன். மற்றதை உங்களுக்கு விட்டுவிட்டேன். குப்பை என்று யாரும் தூக்கிப் போட்டுவிடக் கூடாதே என்றுதான் இந்த மடல்.

அல்காரிதமும் நிகழ்தகவும் வகுப்பில் சொல்லித் தருவார்கள். காம்ப்ரீக்கு எதைப் படிக்க வேண்டும் என்று கைடு சொல்வார். என் ஆறு வருடத்தில் ஒன்றரை வருடத்தையாவது விழுங்கியது என் மறதி. அதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் ஒரு யூனிட் கிடையாது.

ஸ்வெட்டர் விஷயம் சின்னது. சித்திரை வெயிலில் சென்னையில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜாதி நாம் மட்டும்தான். அந்த ஏசி சர்வருக்காகப் போட்டது. குறைக்கச் சொல்லி யாரிடமும் மன்றாட வேண்டாம். நானும் முதல் வருடம் முழுக்க மன்றாடிப் பார்த்தேன்.

நோட்டுக்கு வருகிறேன். அது என் யோசனை இல்லை. சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வரும் பார்ட்-டைம் அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் அப்பாவுக்கு மளிகைக் கடை. பற்று நோட்டு எழுதுவதுபோலவே அவர் தன் சோதனைகளை எழுதுவார். இடது ஓரத்தில் தேதி. பிறகு என்ன மாற்றினேன், எந்தத் தரவுக் கோப்பு, ரேண்டம் சீடு எத்தனை, என்ன எண் வந்தது. கடைசியில் சிவப்பு மையில் ஒரு கட்டம், அதன் தலைப்பு ‘சந்தேகம்’. நாங்கள் எல்லாம் சிரித்தோம். கம்ப்யூட்டர் சயன்ஸில் பி.எச்டி. செய்கிறவர் காகிதத்தில் கணக்கு எழுதுகிறாரே என்று.

மூன்றாம் வருடம் எனக்கு ஒரு கட்டுரைக்கு மதிப்புரை வந்தது. மூன்றாம் அட்டவணையில் இருக்கும் 81.4 எப்படி வந்தது, விளக்கவும் என்று ஒரு வரி. நான் அந்தச் சோதனையை ஓட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஃபோல்டரைத் திறந்தேன். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘நிஜ ஃபைனல்’, ‘இதுதான் ஃபைனல்’ என்று நான்கு. எதை ஓட்டினாலும் 79.8-க்கு மேல் நகரவில்லை. பதினோரு நாள் தூங்காமல் தேடி, கடைசியில் முற்றுப்புள்ளிகளை நீக்கிய ஒரு பழைய கோப்பைத்தான் அன்று பயன்படுத்தியிருக்கிறேன் என்று கண்டுபிடித்தேன். அதே வாரம் அண்ணனுக்கும் அப்படி ஒரு கேள்வி வந்தது. அவர் நோட்டைப் புரட்டி, விரலால் வரியைத் தொட்டு, பதிலை டைப் செய்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார். திங்கட்கிழமை நான் போய் நோட்டு வாங்கினேன். இழுப்பறையில் இருப்பது அதன் கடைசிப் பாகம். பின்னால் நாற்பது பக்கம் காலியாக இருக்கிறது, தாராளமாக எழுதலாம்.

கிட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதத் தொடங்கிய அந்தக் கருவி, எந்த வரி எந்த நிமிடத்தில் மாறியது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடும். ஏன் மாறியது என்பதை நாம் எழுதி வைத்தால்தான் சொல்லும். என் பழைய கமிட் செய்திகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் ‘சரிசெய்தேன்’ என்றே இருக்கும். எதை என்று எனக்கே தெரியாது. மூன்று மாதம் கழித்து உங்கள் நிரலைத் திறக்கப்போகிறவர் உங்களை அறியாத ஓர் அசலூர்க்காரர் என்று நினைத்து எழுதுங்கள். பெயர் மட்டும்தான் உங்கள் பெயராக இருக்கும்.

நோட்டின் சிவப்புக் கட்டத்தைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் யாராவது ஓடிவந்து நல்ல முடிவு வந்திருக்கிறது என்றால், மற்றவர்கள் ‘மைசூர்பாகா?’ என்று கேட்பார்கள். அது என் உபயம். இரண்டாம் வருடத்தில் ஒருநாள் என் மாதிரி 99 சதவீதம் காட்டியது. அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி எல்லா மேசைக்கும் கொடுத்தேன். கைடு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “டெஸ்ட் ஃபைலை எங்கேருந்தும்மா எடுத்தே?” போய்ப் பார்த்தால், பரீட்சைக்கு வைத்திருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை பயிற்சிக் கோப்பிலும் இருந்தன. ஒரே செய்தியை இரண்டு இடத்திலிருந்து இறக்கியிருக்கிறேன். கேள்வித்தாளை முன்கூட்டியே படித்துவிட்ட பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு வருவதில் என்ன அதிசயம்? மோசமான எண் வந்தால் எல்லாரும் பிழை தேடுவோம். நல்ல எண் வரும்போதுதான் கை தேடாமல் இனிப்புக் கடைக்குப் போகிறது. ஐந்து வெவ்வேறு சீடில் ஓட்டிப் பார்த்து, தரவில் இரட்டைகளைக் களைந்த பிறகும் எண் நிற்கிறதென்றால் வாங்குங்கள். எனக்கும் ஒரு துண்டு அனுப்புங்கள்.

இனி பொம்மை. 1999-இல் வந்த ‘தி பிராக்மாட்டிக் புரோகிராமர்’ என்ற புத்தகத்தில் ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார்கள். நிரல் ஏன் ஓடவில்லை என்று புரியாதபோது மேசையில் இருக்கும் ரப்பர் வாத்திடம் வரிவரியாக விளக்க வேண்டும், விளக்கும்போதே பிழை நமக்குத் தெரிந்துவிடும் என்று. வாத்துக்கு நான் எங்கே போக? வீட்டுக் கொலுவில் உபரியாக இருந்த தலையாட்டியைக் கொண்டுவந்தேன். வாத்தைவிட இது மேல். நாம் சொல்லச் சொல்ல ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொள்ளும்.

அது சம்பாதித்த சம்பளத்துக்கு ஒரு கணக்கு. என் வேலை தமிழ் உரையில் எழுத்துப்பிழை கண்டுபிடிப்பது. ஒருநாள் நிரல் ‘கொடி’ என்ற சொல் அகராதியில் இல்லை என்றது. அகராதியைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கிறது, கொடி. திரும்ப ஓட்டினால் இல்லை என்கிறது. மூன்று நாள். நான்காம் நாள் பொம்மையிடம் உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். “இந்தச் சொல்லை எடுக்கிறேன். அந்தச் சொல்லை எடுக்கிறேன். இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறேன். இரண்டுக்கும் நீளம் ஒன்றுதான், ஏனென்றால்...” அங்கே நின்றுவிட்டேன். ஒன்றுதானா? பார்க்கவே இல்லையே. பார்த்தேன். ஒன்று 4, இன்னொன்று 5.

யூனிகோடில் ‘கொ’-வை எழுத இரண்டு வழி இருக்கிறது. ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை முழுசாக ஒரே குறியாகப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்துப் போடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு நார்மலைசேஷன் என்று பெயர், அதற்குப் பைதானில் ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு என் மூன்று நாள். தமிழில் வேலை செய்யப்போகிறவர்கள் இருந்தால் இந்தப் பட்டியலையும் குறித்துக்கொள்ளுங்கள்: ‘ஔ’-வுக்குப் பதில் ‘ஒ’-வும் ‘ள’-வும் அடித்திருப்பார்கள், காலுக்குப் பதில் ரகரம் அடித்திருப்பார்கள். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். பைதான் 5 என்னும். யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் 15 பைட். அதே சொல்லைத் தலைகீழாக்கச் சொன்னால் புள்ளி முதலில் வந்து, உட்கார எழுத்தில்லாமல் வெறும் வட்டத்தின் தலையில் தொங்கிக்கொண்டிருக்கும். பொழுது போகாத மதியத்தில் செய்து பாருங்கள்.

சர்வர் பழக்கங்களில் ஒன்றே ஒன்று. ஹாஸ்டலிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக வேலையை ஓடவிட்டுத் தூங்கிவிட்டு, விடிகாலை வைஃபை அறுந்து வேலையும் செத்துக் கிடப்பதைப் பார்க்காத ஸ்காலர் இல்லை. அப்படிக் கொல்லும் சிக்னலின் பெயருக்கு ‘ஹேங் அப்’ என்றே அர்த்தம். டெலிபோன் லைனில் மோடம் வைத்துக் கணினியோடு பேசிய காலத்தில், மறுமுனை ரிசீவரை வைத்துவிட்டதும் அதன் வேலைகளையும் முடித்துவிடுவதற்காக வைத்த ஏற்பாடு. ரிசீவர் போய்விட்டது, சிக்னல் இன்னும் வேலையில் இருக்கிறது. டிமக்ஸுக்குள் ஓடவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும். சமர்ப்பிப்புக் கெடுவுக்கு முந்தைய இரவு நான்கு ஜிபியூவையும் ஒரே ஆள் வளைத்துப்போடாதீர்கள். சண்டை வந்தால் தீர்த்துவைக்க நான் இருக்க மாட்டேன்.

பேக்கப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், யாரும் கேட்க மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை. ஒரு கதை சொல்கிறேன். 1998-இல் பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளை யாரோ தெரியாமல் கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளை தின்றுகொண்டே போனது. சர்வரைப் பிடுங்குவதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பேக்கப் இருந்தது, ஆனால் அது பழுதாகியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கணினி. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர் அவர், படத்தின் பிரதி ஒன்று வீட்டில் இருந்தது. இதில் எனக்குப் பிடித்தது, பேக்கப் இருந்தும் உதவவில்லை என்ற இடம். எடுத்த பிரதியிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். நான் எடுத்துப்போன மூன்று பென் டிரைவில் இரண்டு திறக்கவே இல்லை.

ஆய்வுக் கட்டுரைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கதைப் புத்தகம்போலப் படித்து முதல் வருடத்தை வீணாக்கினேன். எஸ். கேசவ், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கட்டுரையைப் படிப்பது எப்படி என்று 2007-இல் இரண்டே பக்கத்தில் எழுதியிருக்கிறார். முதல் சுற்று ஐந்து பத்து நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. தேவையென்றால் மட்டும் ஒரு மணி நேரச் சுற்று. உண்மையிலேயே முக்கியமென்றால் மட்டும் மூன்றாவது சுற்று, அது புதியவருக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். முதல் சுற்றோடு நிறுத்துவது குற்றமில்லை என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் அதே கட்டுரையை மறுவருடம் புதிதாகக் கண்டுபிடித்து மகிழ்வீர்கள். நான் ஒரு கட்டுரையை மூன்று முறை அப்படிக் கண்டுபிடித்திருக்கிறேன்.

கெடு நேரத்தைக் கணக்கிடுவது ஒரு தனிக் கலை. மாநாடுகள் இரவு 11:59, ‘ஏஓஇ’ என்று போடுவார்கள். பூமியில் எங்காவது இன்னும் அந்தத் தேதி முடியாமல் இருந்தால் உங்களுக்கும் நேரம் இருக்கிறது என்று பொருள். உலக நேரத்துக்கு 12 மணி பின்தங்கிய வலயம் அது. அங்கே இருப்பவை பசிபிக்கில் பேக்கர், ஹவ்லாண்ட் என்ற இரண்டு தீவுகள், இரண்டிலும் ஆள் கிடையாது. குடியிருப்பவர் ஒருவரும் இல்லாத தீவில் நள்ளிரவு அடிப்பதற்காகத்தான் உலகம் முழுக்க ஸ்காலர்கள் நகத்தைக் கடிக்கிறார்கள். நமக்கு அது மறுநாள் மாலை 5:29. நம் ஊருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு, இரவு கண்விழித்த பிறகும் ஒரு முழுப் பகல் மிச்சம். ஓர் அபாயமும் உண்டு, அந்தப் பகலை நம்பியே இரவைக் கோட்டை விடுவோம். நான் நான்கு மணிக்கே பிடிஎஃப்பை ஏற்றிவிடுவேன். ஐந்து மணிக்கு மேல் தளம் ஆமையாகிவிடும். சுருக்கத்துக்குப் பல மாநாடுகளில் தனிக் கெடு உண்டு, அதுவும் ஒரு வாரம் முன்னதாக. இதைத் தவறவிட்டு, முழுக் கட்டுரையையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு நிராகரிப்பு வரும். வந்தே தீரும். அன்று மதிப்புரைகளை முழுதாகப் படிக்காதீர்கள், படித்தாலும் பதில் எழுதாதீர்கள். மூன்று நாள் கழித்து எடுத்தால் ‘இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று தோன்றிய வரிகளில் பாதி, நாம் தெளிவாக எழுதாததால் வந்தவை என்று தெரியும். மீதிப் பாதியில் அந்த ஆளுக்கு உண்மையாகவே ஒன்றும் தெரிந்திருக்காது. 1991-இல் ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாட்டுக்கு டிம் பெர்னர்ஸ்-லீ குழு அனுப்பிய கட்டுரையை ஏற்கவில்லை, வேண்டுமானால் செய்துகாட்டிவிட்டுப் போகலாம் என்றார்கள். அந்தக் கட்டுரை வேர்ல்ட் வைட் வெப் பற்றியது. இதைச் சொன்னால் கைடு, “நீ ஒண்ணும் பெர்னர்ஸ்-லீ இல்லேம்மா” என்பார். அதுவும் சரிதான்.

மாலை நான்கு மணிக்குப் பின்கேட் டீக்கடைக்குப் போவதை யாருக்காகவும் விடாதீர்கள். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் குறுகிய பாதை அல்காரிதத்தைப் படித்திருப்பீர்கள். 1956-இல் ஆம்ஸ்டர்டாமில், கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண்ணோடு கடைத்தெரு சுற்றிக் களைத்து, காபி குடிக்க உட்கார்ந்த இடத்தில் இருபது நிமிடத்தில் யோசித்தது அது. கையில் பேனாவும் காகிதமும் இல்லாததால்தான் தேவையற்ற சிக்கல்களைத் தவிர்க்க முடிந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 1959-இல்தான் அச்சேறியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் கதை வேறு மாதிரி. ஒரே காபி ஜாடி, பல மாடிகளில் ஆட்கள். படியேறி வந்தால் ஜாடி காலி. 1991-இல் அதன் எதிரே ஒரு கேமராவைப் பொருத்தி, 128-க்கு 128 புள்ளியில் சாம்பல் நிறப் படத்தை எல்லார் திரைக்கும் அனுப்பினார்கள். 1993-இல் அது இணையத்துக்கு வந்ததும், காபிக்குச் சம்பந்தமே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் அந்த ஜாடியை எட்டிப் பார்த்தார்கள். உலகின் முதல் வெப்கேம் அது. 2001-இல் நிறுத்தியபோது பழுதான ஜாடியை ஜெர்மானியப் பத்திரிகைத் தளமான ஸ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டுக்கு ஏலம் எடுத்தது. நம் கெட்டிலுக்கு அந்த விலை வராது. இருந்தாலும் சுத்தமாக வையுங்கள்.

வீட்டு விஷயம். கல்யாண வீடுகளில் “இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?” என்று கேட்பார்கள். “ஆமா மாமா” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவது நல்லது. விளக்கப் போனால் ரசம் ஆறிவிடும். கம்ப்யூட்டரில் பி.எச்டி. என்றால் பிரிண்டர் ரிப்பேர் தெரியும் என்றுதான் ஊர் நினைக்கிறது. ஆறு வருடத்தில் என் குடும்பத்துக்கு நான் நேரடியாகச் செய்த ஒரே உபகாரம், பெரியப்பா வீட்டுப் பிரிண்டரை அணைத்துத் திரும்பப் போட்டது. பணத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், முன்பு 31,000. தொகை எதுவானாலும் மூன்று மாத மெஸ் பில்லைத் தனிக் கணக்கில் போட்டுவைத்தால் தூக்கம் வரும்.

கடைசியாக, அலமாரியின் மேல் தட்டில் என் ஆய்வேட்டின் ஒரு பிரதி இருக்கிறது. டொனால்ட் கனூத் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2008 வரை 2.56 டாலருக்குச் செக் அனுப்பிவந்தார், பதினாறடிமானத்தில் அது 1 டாலர் என்று கணக்கு. எனக்கு அவ்வளவு வசதி போதாது. பிழைக்கு ஒரு டீ. 112-ஆம் பக்கத்துப் படவிளக்கத்தில் ‘கொடி’ ‘கோடி’ என்று அச்சாகியிருப்பதைப் பார்ட்-டைம் அண்ணன் ஏற்கெனவே பிடித்து, டீயும் வாங்கிக் குடித்துவிட்டார். அதைத் திரும்பச் சொன்னால் செல்லாது.

அன்புடன்,
ஜன்னலோர மேசைக்காரி

பி.கு.: பொம்மையின் தலை முன்னும் பின்னும் ஆடாது, பக்கவாட்டில் மட்டும்தான் ஆடும். பசை போட்டு ஒட்டியதில் அப்படியாகிவிட்டது. நீங்கள் சொல்வதை அது மறுப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்டிலையும் சர்வர் அறை ஏசியையும் ஒரே சமயத்தில் போடாதீர்கள், மெயின் விழுந்துவிடும். மெயின் எங்கே இருக்கிறது என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.